மருந்து கேட்டுருச்சு

காலை ஒன்பது ஐம்பது. க்ளினிக்கின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். முதலில் என் கண்ணில் பட்டது அவர்களுக்கு நடுவே தொங்கிய இரண்டு பாதங்கள். செருப்பு இல்லை. கணுக்காலுக்கு மேல் வரை வெள்ளி நிறம். அலுமினியப் பொடி. பட்டாசுக் கம்பெனியின் ஷெட்டிலிருந்து நேராக வந்த கால்கள் அவை என்று விருதுநகரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முகத்தைப் பிறகுதான் பார்த்தேன். கண்கள் வீங்கி மூடியிருந்தன. உதடு தடித்திருந்தது. யாரென்று தெரியவில்லை. பின்னாலேயே ஓடி வந்த காக்கிச் சட்டைக்காரர் ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவை என் முன்னால் நீட்டினார். அதன் மூடியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் என் கையெழுத்து: “சோலைராஜ். தேனீ.”

அன்றைக்கு நடந்ததை இப்போது எழுதச் சொன்னவள் மெர்சி. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊசி அறையைப் பார்த்துக்கொள்பவள். “இப்பல்லாம் நாக்குக்கு அடியில விடுற சொட்டு மருந்தை வீட்டுக்கே குடுத்து அனுப்புறோம்க்கா. ரெண்டு பாட்டில் முடிஞ்சதும் ஆளைக் காணோம். போன் போட்டா, ‘கேட்டுருச்சு சிஸ்டர், இனிமே எதுக்கு’ங்கிறாக. புதுசா வந்த பிள்ளைகளுக்கு நான் சொன்னா ஏறல. சோலைராஜ் அண்ணாச்சிக்கு நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்க” என்றாள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நர்சிங் சேருவதற்கு முன் மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிழை திருத்தினேன். எத்தனை மணிக்கு, யார் பார்த்தது, யார் சொன்னது என்று கேட்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு நர்சிங், இரண்டு மிஷன் ஆஸ்பத்திரிகள், கல்யாணம், சாத்தூரில் வீடு. விருதுநகர் அலர்ஜி க்ளினிக்கில் சேர்ந்தபோது எனக்கு ஊசி போடத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா முதல் நாளே அதைக் கலைத்தார். “ஊசி போடறது அரை நிமிஷ வேலை. மீதி வேலையைக் கத்துக்கோங்க” என்றார்.

அந்த மீதி வேலை இதுதான். எந்தப் பொருள் ஒருவர் உடம்புக்கு ஆகவில்லையோ அதையே மிகக் குறைந்த அளவில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் ஏற்றி, ஓர் அளவு வந்ததும் அங்கேயே நிலைநிறுத்தி, மாதம் ஒன்றாக வருடக்கணக்கில் போடுகிறோம். உடம்பு அந்தப் பொருளோடு சண்டை போடாமலிருக்கப் பழகுகிறது. ஆனால் போடுவது விஷமாகிவிடவும் வாய்ப்பு உண்டு. ஆகவே நோயாளியின் ஊசியை நிரப்புவதற்கு முன்னால், மாற்று மருந்தான அட்ரினலின் தட்டில் தயாராக இருக்க வேண்டும். அதை நான் பார்த்தேனா என்று டாக்டரம்மா கேட்க மாட்டார். தட்டின் மேல் விரல் வைத்து என் முகத்தைப் பார்ப்பார். நான் “இருக்கு” என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். தலையசைத்தால் விரலை எடுக்க மாட்டார்.

பிறகு கேள்விகள். காய்ச்சல் உண்டா, இளைப்பு உண்டா, போன ஊசி போட்ட இடம் எவ்வளவு தடித்தது, வேறு யாராவது பிரஷர் மாத்திரை கொடுத்தார்களா. கேள்விகளை மாற்றிப் போட்டுக் கேட்கச் சொல்வார். ஒரே வரிசையில் கேட்டால் ஆட்கள் கேள்வி முடிவதற்குள் “இல்ல சிஸ்டர், இல்ல சிஸ்டர்” என்று சொல்லப் பழகிவிடுவார்கள். அதன் பிறகு மேல்கையின் வெளிப்பக்கம், தோலுக்கு அடியில், தசையைத் தொடாமல் ஊசி. அப்புறம் அரை மணி நேரக் காத்திருப்பு. சுவர்க் கடிகாரம் எங்கள் பக்கம் பார்க்காது, நோயாளிகள் பக்கம் பார்க்கும். நேரம் முடியாமல் யாராவது எழுந்தால் டாக்டரம்மா அறையிலிருந்து வருவார். வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள்.

எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுத் தூசிக்காரர்கள், சீமைக்கருவேலம் பூக்கும்போது தும்மித் தும்மிக் கண் சிவப்பவர்கள். ஆறேழு மாதத்தில் தும்மல் குறையும். அப்போது அந்தச் சொல் வரும்: “மருந்து கேட்டுருச்சு டாக்டரம்மா.”

அதற்கு அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். “கேக்குதுன்னு சொல்லுங்க. கேட்டுருச்சுன்னு சொல்லாதீங்க.”

பலருக்கு வித்தியாசம் புரியாது. மல்லாங்கிணற்றிலிருந்து வந்த ஒரு டீச்சர் மட்டும் சிரித்துக்கொண்டே, “டாக்டரம்மா இலக்கணப் பாடம் எடுக்கிறாக” என்றார். அந்த டீச்சரே ஒரு வருடத்துக்குள் நிறுத்திவிட்டார். அடுத்த முறை கருவேலம் பூத்தபோது கைக்குட்டையோடு வந்து நின்றார். ஆனால் அவரைப் போலவே பாதியில் நிறுத்திய சாத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் பல வருடமாகத் தும்மாமல் இருக்கிறார். என்னைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம், “என்ன சிஸ்டர், எம்புட்டோ பயமுறுத்துனீக!” என்பார். இரண்டும் நடந்தது. இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

டாக்டரம்மாவும் அப்படித்தான் சொல்வார். குறைந்தது மூன்று வருடம் போட்டால், நிறுத்திய பிறகும் பலருக்குப் பலன் நிற்கிறது. முன்னாலேயே நிறுத்தினால் நிற்கலாம், நழுவலாம். யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல அவரிடம் வழி இல்லை. தும்மல் என்றால் நழுவினாலும் தும்மலோடு போகும்.

சோலைராஜுக்குத் தும்மல் இல்லை.

சிவகாசி ரோட்டில் உள்ள ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். வேப்பமரங்களுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய ஷெட்டுகள். அதில் ஒரு மரத்தில் வருடந்தோறும் பெரிய தேனீக்கள் கூடு கட்டும். வேறு இடமாக இருந்தால் புகை போட்டு விரட்டியிருப்பார்கள். முதல் தடவை ஒரே ஒரு தேனீ கழுத்தில் கொட்டி, சில நிமிடத்தில் நினைவு தப்பி, பெரியாஸ்பத்திரியில் பிழைத்து எங்களிடம் வந்தபோது நான் அதைத்தான் கேட்டேன். “ஏன் புகை போடல?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க கம்பெனில புகையா? நல்லாக் கேட்டீக சிஸ்டர்.”

எங்கள் க்ளினிக்கில் தேனீ விஷ ஊசி போட்டுக்கொண்டவர் அவர் ஒருவர்தான். மருந்தைத் தனியாகச் சொல்லி வரவழைக்க வேண்டும். அந்தச் சொல்லே எங்களுக்குள் குழப்பம். “காலைல மருந்து கலந்துட்டு நேரா இங்கன வாரேன்” என்பார். அவருக்கு மருந்து என்றால் வெடிமருந்து. எங்கள் மருந்துக்கு அவர் வைத்த பெயர் “உங்க மருந்து”.

ஆள் கடுமையான விதிக்காரர். கேட்டுக்கு உள்ளே போன் கிடையாது, பீடி கிடையாது, இரும்பில் ஒரு குண்டூசி கிடையாது. தலையில் கொண்டை ஊசியோடு வந்த பெண்ணைத் திருப்பி அனுப்பியதையும், சாவிக்கொத்தோடு உள்ளே நாலடி வந்துவிட்ட வாட்ச்மேன் கருப்பையாவை ஒரு வாரம் வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னதையும் எங்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மாதா மாதம் வந்தார். ஊசி நிலையான அளவுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அடுத்து ஓர் ஆடி மாதம், வழக்கமான நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“டாக்டரம்மா, கேட்டுருச்சு. போன வாரம் ஒண்ணு முழங்கைல கொட்டுச்சு. இம்புட்டுக்காணு வீங்குச்சு, சாயங்காலம் அமுந்துருச்சு. அம்புட்டுதான்.”

“கேக்குது. ஊசி போட்டுக்கிட்டு இருக்கீங்க, அதனால கேக்குது.”

“தீவாளி சீசன் டாக்டரம்மா. போர்மேன் இல்லாம மருந்து கலக்கக் கூடாது. நான் இங்கன வந்து உக்காந்தா அரை நாள் ஷெட்டு சும்மா கெடக்கு. மொதலாளி வாயால சொல்லல, மூஞ்சியால சொல்லுதாரு.”

டாக்டரம்மா குரலை உயர்த்துபவர் இல்லை. சோலைராஜின் மேல்கையில் போன மாதம் ஊசி போட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “உங்க ஷெட்டுல எத்தனை பேர் இருக்கலாம்?”

“நாலு பேரு.”

“நேத்து ஒண்ணும் ஆகலைன்னு இன்னைக்கு அஞ்சாவது ஆளை விடுவீங்களா?”

“அது வேற டாக்டரம்மா.”

“எப்படி வேற?”

“அது வெடிக்கும்ல.”

காத்திருப்பு அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. “உங்களுக்கு முதல் தடவையே நினைவு தப்புச்சு. அப்படிப்பட்டவங்களை மூணு வருஷத்துக்கு முன்னாடி விட எனக்கு மனசு இல்ல, முடிஞ்சா அஞ்சு. நிறுத்தினா கட்டாயம் திரும்ப வரும்னு நான் சொல்லல. வராதுன்னும் சொல்ல முடியல” என்றார். சோலைராஜ் பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டது அவர் முகத்தில் தெரிந்தது.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினார். இரண்டு அட்ரினலின் குப்பியும் சிரிஞ்சும் எப்போதும் அவரோடு இருக்க வேண்டும். குப்பியை எப்படி உடைப்பது, எவ்வளவு இழுப்பது, தொடையில் எங்கே குத்துவது என்று அவர் சரியாகச் செய்துகாட்டும் வரை விடவில்லை. அவற்றை வைக்க மறுநாள் வீட்டிலிருந்து பஞ்சு வைத்த எவர்சில்வர் டப்பா கொண்டுவந்தார். நான் பிளாஸ்திரி ஒட்டிப் பெயர் எழுதினேன். “உசுரு மாதிரி வச்சுக்கிடுவேன் சிஸ்டர்” என்றார்.

அப்படியே வைத்துக்கொண்டார். குப்பியின் தேதி முடியும் முன் ஒவ்வொரு முறையும் வந்து புதிதாக மாற்றிப் போனார். ஊசிக்கு மட்டும் வரவில்லை. இரண்டு தீபாவளி போனது.

அடுத்து வந்த மாசி மாதத்தில்தான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை. கம்பெனியில் நடந்ததை, டப்பாவோடு ஓடி வந்த வாட்ச்மேன் கருப்பையா பிற்பகலில் எனக்குச் சொன்னார். நான் திரும்பத் திரும்பக் கேட்டுச் சரிபார்த்தது.

ஒன்பது மணியைத் தாண்டியதும் ஷெட்டு வாசலில் இரண்டு தேனீக்கள் கொட்டின. சோலைராஜ் காதைத் தேய்த்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல, வேலையப் பாருங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை அரிக்கிறது என்றார். பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு, “டப்பா” என்றார்.

டப்பா கேட்டில் இருந்தது. எவர்சில்வர் டப்பா. உள்ளே இரும்பு ஊசி. போர்மேன் போட்ட விதியைப் போர்மேனே மீற முடியுமா? தினமும் காலையில் போன்களுக்கும் பீடிக்கட்டுகளுக்கும் நடுவே அலமாரியில் அதற்கென்று ஓர் இடம் பார்த்து வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். சாயங்காலம் மறக்காமல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். தேனீ இல்லாத வீட்டில் மருந்து இருந்தது. தேனீ இருந்த இடத்தில் இல்லை.

“சத்தம் கேட்டதும் டப்பாவத் தூக்கிட்டு ஓடுனேன் சிஸ்டர்,” என்றார் கருப்பையா. “இரும்பு தாண்டக் கூடாதுன்னு போட்டிருக்க வெள்ளைக் கோடு வரைக்கும் ஓடுனேன். அதுக்கு மேல காலு போகல. இரும்பை உள்ள கொண்டாந்தேன்னு அவருதான என்னை வீட்டுக்கு அனுப்புனாரு! கோட்டுல நின்னுக்கிட்டு, ஏலே, இங்கன தூக்கிட்டு வாங்கலேன்னு கத்துதேன். அவங்க அங்கன நின்னுக்கிட்டு, நீரு இங்க வாரும்னு கத்துதாங்க.”

கடைசியில் அவர்கள்தான் தூக்கி வந்தார்கள். கோட்டுக்கு வெளியே மண்ணில் உட்கார வைத்ததும் சோலைராஜ் குப்பியைத் தானே உடைத்தார். முதல் குப்பி கையில் நொறுங்கியது. இரண்டாவதை இழுத்து, வேட்டிக்கு மேலேயே தொடையில் குத்தினார். அதற்குள் கண் மூடத் தொடங்கியிருந்தது. கம்பெனி வேனில் ஏற்றும்போது, “டாக்டரம்மா” என்று மட்டும் சொன்னாராம். அந்த ரோட்டில் ஊருக்குள் நுழைந்தால் முதலில் வருவது எங்கள் க்ளினிக்தான்.

நான் அவரைக் கட்டிலில் கிடத்திக் காலை உயர்த்தினேன். டாக்டரம்மா அறையிலிருந்து வந்தார். ஓடவில்லை. அவசரம் என்றால் அவர் பேச்சு சுருங்கிவிடும். “தொடை,” என்றார். அட்ரினலின் போட்டேன். “ஆக்சிஜன். சலைன். பிரஷர்.” மேல் அளவு எழுபதுக்குக் கீழே இருந்தது. தோலில் தடிப்பு இருக்கிறதா என்று பார்க்க முடியவில்லை. கை, கழுத்து, நெஞ்சு எல்லாம் அலுமினியப் பொடி பூசி ஒரே பளபளப்பு. ஈரப்பஞ்சால் மார்பில் ஒரு சாண் துடைத்தேன். அடியில் தோல் செக்கச்செவேல் என்று பாளம் பாளமாகத் தடித்திருந்தது. மூச்சு விசில் அடித்தது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பிரஷர் பார்த்தேன். ஏறவில்லை.

“இன்னொண்ணு,” என்றார் டாக்டரம்மா.

போட்டேன். அவருடைய இரண்டு விரல் சோலைராஜின் மணிக்கட்டில் இருந்தது. என்னைப் பார்க்கவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. கருப்பையா கதவோரம் நின்று இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல விசில் இறங்கியது. பிரஷர் தொண்ணூறைத் தொட்டது. கண் ஒரு கீற்று திறந்தது. உதடு அசைந்தது.

“மருந்து,” என்றார் சோலைராஜ்.

“மருந்து போட்டாச்சு. பேசாதீங்க.”

“மருந்து... மிச்சம்...”

“ஏறிக்கிட்டு இருக்கு. பேசாதீங்கன்னு சொன்னேன்.”

அவர் என் கையைப் பிடித்தார். வீங்கிய விரல்கள். “உங்க மருந்து இல்ல சிஸ்டர். எங்க மருந்து. கலந்தது... ஷெட்டுல கெடக்கு.”

அந்த அறையில் அதன் அர்த்தம் உடனே புரிந்தவர் கருப்பையா ஒருவர்தான். கலந்த வெடிமருந்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவரைத் தூக்கி வந்திருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, அந்தச் சூட்டில் கலந்த மருந்து தானாகவே பற்றிக்கொள்ளக்கூடும். மீதி ஆட்கள் அங்கே இருந்தார்கள். நான் போனைக் கொடுத்தேன். கருப்பையா கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க வேண்டிய வாட்ச்மேன் எங்கள் க்ளினிக்கில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள். ஷெட்டிலிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், பக்கத்துக் கம்பெனி போர்மேனைக் கூட்டி வந்து மருந்தை எடுக்கச் செய்கிறார்கள் என்றார்கள். கருப்பையா அதை உரக்கத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சோலைராஜ் என் கையை விட்டார்.

சில மணி நேரம் கழித்து எல்லாம் மறுபடி வரக்கூடும் என்பதால் டாக்டரம்மா அவரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே வேனில் போனார். மறுநாள் நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி கட்டிலருகே நின்று பேசிக்கொண்டிருந்தார். “கொண்டை ஊசிக்குப் பயந்த மனுசன், கொட்டுற பூச்சிக்குப் பயப்படல. கேளுங்க சிஸ்டர், எப்பேர்ப்பட்ட போர்மேனு!” சோலைராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

திரும்ப ஊசி தொடங்கியபோது விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியாது என்று டாக்டரம்மா சொன்னார். முதல் சொட்டிலிருந்து, மறுபடி வாரத்துக்கு வாரம். சோலைராஜ் சட்டைக் கையை மடித்துவிட்டார். ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

“டப்பாவ மரத்துல செஞ்சிருவோம். ஊசி இரும்புதான டாக்டரம்மா? அதை எங்கன வைக்க?”

டாக்டரம்மா அதை முதலாளியோடு பேசச் சொன்னார். முதலாளியும் சோலைராஜும் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஷெட்டுகளிலிருந்து தள்ளி, ஆட்கள் சாப்பிடும் கொட்டகையில் முதலுதவிப் பெட்டி இருக்கிறது. ஊசி அங்கே போனது. குப்பியை உடைக்கவும் போடவும் கருப்பையாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் நான் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே போகும்போது என் கைக்கடிகாரத்தையும் சேலைப் பின்னையும் கருப்பையா வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

இப்போது இரண்டாவது சுற்றில் ஐந்து வருடம் முடிகிறது. இடையில் ஓரிரு முறை கொட்டியது, வீங்கி அமுங்கியது. போன வாரம் டாக்டரம்மா, “இனி நிறுத்துறதைப் பத்திப் பேசலாம்” என்று அவரிடம் சொன்னதாக மெர்சி சொன்னாள். பலருக்கு இவ்வளவு போட்டால் நிற்கிறது. ஆனால் இவருக்கு இரண்டு முறை கடுமையாக வந்திருக்கிறது, வேலையும் தேனீக்கு அடியில். ஆகவே தொடர்வதும் தவறில்லை. டாக்டரம்மா இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“அண்ணாச்சி என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“‘நிறுத்துனா நிக்குமா?’ன்னு கேட்டாரு. டாக்டரம்மா, ‘நிக்கும்னு நினைக்கிறேன்’னாங்க. ‘நினைக்கிறீகளா, தெரியுமா?’ன்னாரு. ‘நினைக்கிறேன்’னாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து பதில் சொல்றேன்னு போயிருக்காரு.”

நேற்று கருப்பையாவுக்குப் போன் செய்தேன். இந்த வருடம் அந்த வேப்பமரத்தில் தேனீக்கள் இரண்டு கூடு கட்டியிருக்கின்றனவாம்.